சாருக்குப் பின்னால் நடந்தவர்

என் கணவர் காலையில் நடக்கப் போவதற்கு முன் பேன்ட் போட்டு, பெல்ட் கட்டி, சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார். ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆன பிறகும் அப்படித்தான். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியைச் சுற்றி நடக்கிற ஆம்பிளைகளில் பாதிப் பேர் வேட்டியில் வருவார்கள், மீதிப் பேர் அரை டிராயரில் வருவார்கள். இவர் மட்டும் ஷிப்டுக்குக் கிளம்புகிற மாதிரிக் கிளம்புவார். "ஏங்க, நடக்கத்தானே போறீங்க, இன்டர்வியூவுக்கா போறீங்க?" என்று கேட்டால், "சார் வருவாரு" என்பார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு கிடையாது.

சார் என்பவர் கைலாசபுரம் பாய்லர் ஃபாக்டரியில் இவருக்கு மேனேஜராக இருந்தவர். இவர் வெல்டிங் பிரிவில் சார்ஜ்மேன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தோம். அங்கிருந்து நான் தினம் பஸ் பிடித்து ஊருக்குள் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போய்க் குப்பை கொட்டினேன். எனக்கும் மேலதிகாரிகள் இருந்தார்கள். ரிட்டையர் ஆன மறுநாளே அவர்கள் முகமெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இவருக்கு அப்படி இல்லை. சார் ரிட்டையர் ஆகி ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட் வாங்கினார். ஒரு வருஷத்துக்குள் இவரும் இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு வந்து, "காத்தோட்டமா இருக்கு" என்றார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று எனக்கா தெரியாது?

சார் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பேன். ஒரு தடவை பிரிவில் பெரிய வேலை ஒன்று சோதனையில் தேறாமல் போய்விட்டது. வெல்டிங்கில் கோளாறு. இவர் பார்வையில் நடந்த வேலை. மெமோ வரும், சஸ்பெண்ட் ஆவோம் என்று இவர் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தார். சார் மேலே போய், "நான்தான் அவசரப்படுத்தினேன், என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு வரவேண்டிய பிரமோஷன் அந்த வருஷம் தள்ளிப் போனது. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியது இல்லை. இவருக்கு அது போதாதா? அன்றையிலிருந்து சாருக்கு முன்னால் நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

காலையில் நடக்கிற செட்டில் ஐந்து பேர். சார், இவர், பழைய பிரிவு ஆட்கள் இன்னும் மூன்று பேர். சார் கொஞ்சம் முன்னால் நடப்பார். அவருக்கு அரை அடி பின்னால் டெபுடியாக இருந்தவர். அதற்குப் பின்னால் இரண்டு பேர். கடைசியில் இவர். யாரும் உட்கார்ந்து வகுத்த வரிசை கிடையாது. ஃபாக்டரி வராண்டாவில் நடந்த வரிசை, அப்படியே ஸ்ரீரங்கத்துக்குக் குடி வந்துவிட்டது. சாரின் ஷூ லேஸ் அவிழ்ந்தால் மொத்த செட்டும் நிற்கும். மற்றவர்கள் லேஸ் அவிழ்ந்தால் அவிழ்ந்தபடியே ரவுண்டு முடியும். மார்க்கெட்டுக்குப் போகிறபோது எதிரே பார்த்துவிட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அப்போதெல்லாம் சிரிப்புதான் வந்தது.

இவருக்குச் சர்க்கரை வந்து ரொம்ப வருஷம் ஆகிறது. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கட்டத்தில் மாத்திரைக்கு அடங்கவில்லை. தில்லை நகரில் நாங்கள் பார்க்கிற டாக்டர் காலையும் ராத்திரியும் ஊசி என்று மாற்றினார். "நடையை மட்டும் விட்டுடாதீங்க. ஆனா ஊசி போடறவங்க நடக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. உள்ள போய்க் கேட்டுட்டுப் போங்க" என்றார். உள்ளே ஒரு சின்ன ரூமில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், எங்கள் மகள் வயசு இருக்கும். பொறுமையாகச் சொன்னாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி மெஷின்ல ஒரு தடவை பாருங்க. நூறுக்குக் கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டுத்தான் போகணும். ஊசியைப் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட நடக்கவே கூடாதுங்க. பாக்கெட்டுல மிட்டாயோ குளுக்கோஸோ எப்பவும் இருக்கணும். கை நடுங்குது, வேர்க்குது, கண்ணை இருட்டுதுன்னா அந்த இடத்துலயே உக்காந்து வாயில போட்டுக்குங்க. வீடு பக்கத்துலதானே, போய்ப் பாத்துக்கலாம்னு நடந்துறாதீங்க. நினைவு தப்பிட்டா மட்டும் வாயில எதையும் ஊத்தக் கூடாது. அப்புறம் முக்கியமா, கூட நடக்கறவங்ககிட்ட உங்களுக்கு சுகர் இருக்கு, ஊசி போடறேன்னு சொல்லி வைங்க. அவங்கதான் உங்களுக்குக் காவல்."

ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டினார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், "கடைசியா சொன்னதை மட்டும் விட்டுடலாம்" என்றார்.

"ஏன்? சார் சிரிப்பாரா?"

"சிரிக்க மாட்டாரு. பாவம் பாப்பாரு. அது அதைவிட மோசம். இவன் ஒண்ணுக்கும் ஆகமாட்டான்னு நினைச்சிட்டா?"

"நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டுமே. இனிமே உங்களுக்கு என்ன வேலைங்க குடுக்கப் போறாரு?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். இவர் வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். காவிரிப் பாலம் முடிகிற வரைக்கும் தலையைத் திருப்பவில்லை.

நான் பயந்தது சீக்கிரமே நடந்தது. ஒரு நாள் காலையில் கதவுப் பூட்டை யாரோ நோண்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் இவர் நிற்கிறார். சட்டை தெப்பலாக நனைந்திருக்கிறது. கண் எங்கேயோ இருக்கிறது. "கதவை எவ இங்க கொண்டாந்து வச்சா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாத ஒரு வார்த்தையையும் சொன்னார். இழுத்து உட்கார வைத்துக் குளுக்கோஸைக் கரைத்துக் கையில் கொடுத்து, குடிங்க குடிங்க என்று கெஞ்சிக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. எதுவும் நடக்காத மாதிரி, "காபி போடலியா?" என்றார்.

"மிட்டாய் எங்க?"

"பாக்கெட்டுலதான் இருக்கு."

"பின்ன ஏன் போட்டுக்கல?"

"சார் பேசிக்கிட்டிருந்தாரு. அந்தப் பேப்பரைப் பிரிச்சா சரசரன்னு சத்தம் கேக்கும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டு என்ன செய்வது? அத்தனை மிட்டாயின் பேப்பரையும் உரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அது வெயிலில் இளகி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு பாக்கெட்டெல்லாம் எறும்பு. அப்புறம் குளுக்கோஸ் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். கொடுத்தது கொடுத்தபடியே சாயங்காலம் துவைக்கப் போடுகிற சட்டையில் இருக்கும்.

ஒரு நாள் இவருக்குச் சொல்லாமல் சார் வீட்டுக்கே போய்விட்டேன். சார் பேங்குக்குப் போகிற நேரம் பார்த்துப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். டவுன்ஷிப்பில் பெண்கள் எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கும் என் வாயில் மேடம் என்றுதான் வந்தது. இதில் இவரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். "சார் ஒரு வார்த்தை, என்னப்பா வேர்க்குதே, ஏதாவது வாயில போட்டுக்கோன்னு சொன்னா போதும் மேடம். அவர் சொன்னா இவர் கேப்பாரு" என்றேன்.

மேடம் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவுத் தட்டிலிருந்து இன்சுலின் பென் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது யாருதுன்னு நினைக்கிறே?"

"சாருதா?" என்றேன்.

"நாலு வருஷமா போட்டுக்கறாரு. இவர் பாக்கெட்டுலயும் மிட்டாய் இருக்கும். போன மாசம் வாசப்படியிலயே வந்து மடங்கி உக்காந்துட்டாரு. ஏங்க வழியிலயே போட்டுக்கலன்னு கேட்டா, எனக்குக் கீழ வேலை பாத்தவங்க முன்னாடி மிட்டாயைச் சப்பிக்கிட்டு நிக்கச் சொல்றியான்னு என்னைக் கேக்கறாரு."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு. மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம்? ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, ஒரே ஊசி. விஷயம் தெரிந்தால் ஒன்றாக நின்று ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு ஒன்றாகவே நடக்கட்டும். அன்றைக்கு ராத்திரி நான் இவரிடமும் அவர் சாரிடமும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினோம். நான் வேலை முடிந்த சந்தோஷத்தில் வரும் வழியில் மல்லிகைப்பூ கூட வாங்கிக்கொண்டு வந்தேன்.

சொன்னதும் இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார் வீட்டு விஷயத்தை நீ ஏன் போய்த் தெரிஞ்சுக்கிட்டே?"

"ஏங்க, நல்லதுதானே? இனிமே கூச்சமில்லாம எடுத்துச் சாப்பிடலாமே?"

"புரியாம பேசாத. எனக்குத் தெரியும்னு சாருக்குத் தெரிஞ்சா அவருக்கு எப்படி இருக்கும்? இனிமே நான் மிட்டாயை எடுத்தா, உங்களுக்கும் இருக்கே சார், நீங்களும் எடுங்கன்னு குத்திக்காட்டற மாதிரி ஆயிடும்."

வாங்கி வந்த மல்லிகைப்பூவைப் பிரிக்காமலே ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மேடம் போன் பண்ணினார். அந்தப் பக்கமும் அதே கதைதான். "அவனா வந்து சொல்லாதப்ப நானா எப்படிக் கேக்கறது? கூனிக் குறுகிப் போயிடுவான். தெரியாத மாதிரியே இருந்துடலாம்" என்றாராம் சார். ஆக, இவருக்கு சார் விஷயம் தெரியும், சாருக்கு இவர் விஷயம் தெரியும். ரெண்டு பேர் பாக்கெட்டிலும் மிட்டாய். ரெண்டு பேர் வாயிலும் கொழுக்கட்டை. மரியாதையாம்! இப்படி ஒரு மரியாதையை எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நடுவில் ஒரு மாதம் சாரும் மேடமும் வெளிநாட்டில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போனார்கள். தலைவர் இல்லாததால் செட்டும் கலைந்தது. இவரை நான் என்னோடு அம்மா மண்டபம் ரோட்டில் நடக்கக் கூட்டிப் போனேன். அந்த ஒரு மாதம் இவர் எவ்வளவு ஒழுங்காக இருந்தார் தெரியுமா? காலையில் எழுந்து தானே விரலைக் குத்திப் பார்ப்பார். குறைவாக இருந்தால் இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்துக் கிளம்புவார். செருப்பு வேண்டாம், ஷூதான் என்று நான் சொல்லாமலே சாக்ஸ் மாட்டிக்கொள்வார். வேட்டிதான், பெல்ட் கிடையாது. ஒரு நாள் பாதி வழியில், "லேசா நடுங்குது, இரு" என்று ஒரு மூடின கடையின் படியில் உட்கார்ந்து மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் எழுந்து நடந்தோம். அவ்வளவுதான் விஷயம். இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் செய்யவும் முடியும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சார் திரும்பி வந்த மறுநாள் பீரோவிலிருந்து பெல்ட் வெளியே வந்தது.

அப்புறம் மார்கழி வந்தது. வைகுண்ட ஏகாதசி. கைலாசபுரத்தில் இருந்தவரை சாருக்கு ஏகாதசி எது, துவாதசி எது என்று தெரியாது, ஸ்ரீரங்கத்துக்கு வந்த பிறகு பக்தி வந்துவிட்டது. சார் விரதம் என்றால் செட்டே விரதம். உப்பிலியபுரத்துப் பக்கம் காட்டில் வேலை செய்து வளர்ந்த குடும்பம் இவருடையது. ஏகாதசியாவது ஒன்றாவது, வேளைக்கு வேளை கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த உடம்பு. இவர் விரதம் இருக்கிறாராம்! நான் கத்திய கத்தலில் பகலில் கொஞ்சம் கோதுமை உப்புமாவும் ராத்திரி இரண்டு வாய் பழமும் சாப்பிட்டார். ராத்திரி ஊசியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன், டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுத்தான் சொன்னேன். அதைக் கேட்டார்.

மறுநாள் துவாதசி. காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் நூறுக்குக் கீழே. "இட்லி ஊத்திட்டேன், ரெண்டு சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.

"சார் வீட்டுல எல்லாருக்கும் டிபன். நடந்து முடிச்சிட்டு நேரா அங்கதான் போறோம். இங்க வயித்தை ரொப்பிட்டுப் போய் அங்க எப்படிச் சாப்பிடறது? மேடம் என்ன நினைப்பாங்க?"

"மேடம் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. ரெண்டு பிஸ்கட்டாவது தின்னுங்க."

"சார் வெறும் வயித்தோட வர்றாரு. நான் மட்டும் தின்னுட்டுப் போறதா?"

பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு பார்த்தால் ஷூ ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பாத்ரூமில் இன்னொன்றும் கிடந்தது, ஊசியின் மூடி. காலை ஊசியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். சார் வீட்டில் டிபன் சாப்பிடுவதற்கு முன்னால் சட்டையைத் தூக்கி ஊசி போட முடியாது, அதனால் வீட்டிலேயே முடித்துக்கொண்டார். வெறும் வயிறு, முழு ஊசி, அதோடு நடை. ஊசி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணினேன். போன் மேஜை மேல் அடித்தது. நடக்கும்போது போன் அடித்தால் சாருக்குப் பிடிக்காது என்று வைத்துவிட்டுப் போவது வழக்கம். மற்ற மூன்று பேர் நம்பர் எனக்குத் தெரியாது. மேடத்துக்குப் போட்டேன், டிபன் வேலையில் எடுக்கவில்லை.

புடவையைச் சரியாகக்கூடக் கட்டாமல் ஓடினேன். உத்தர வீதியில் கட்டை கட்டிக் கூட்டத்தை ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். அங்கே நடக்க முடியாது, சித்திரை வீதிக்குத்தான் போயிருப்பார்கள் என்று அந்தப் பக்கம் திரும்பினேன். அந்தக் காலையில் ஸ்ரீரங்கம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கக் கண் விழித்த ஜனம், கிடைத்த இடத்தில் எல்லாம் சுருண்டு கிடக்கும். கடை வாசலில், பிளாட்பாரத்தில், ஆட்டோ ஸ்டாண்டில், போர்வையால் தலையோடு மூடிக்கொண்டு ஆணும் பெண்ணும் வரிசையாகத் தூங்கும். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு பூட்டின கடை வாசலில், பழனியிலிருந்தோ எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து இவர் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது. பெல்ட், சட்டை எல்லாம் ஒழுங்காக இருந்தன. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. அந்த மார்கழிக் குளிரில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உலுக்கினேன். கத்தினேன். கண் திறக்கவில்லை. பக்கத்துக் குடும்பத்துப் பெண் எழுந்து, "ரொம்ப நேரமா தூங்குறாருங்க. கூட வந்தவங்க ரெண்டு தடவை பாத்துட்டுப் போனாங்க" என்றாள்.

அப்போதுதான் செட் திரும்பி வந்தது. சார் முன்னால், டெபுடி அரை அடி பின்னால். என்னைப் பார்த்ததும் டெபுடி, "ஒண்ணுமில்லம்மா. அசதியா இருக்கு சார், கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்னாரு. விரதம், தூக்கம் வேற இல்ல. எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டோம்" என்றார். ஒருவர் காபி டம்ளரோடு வந்து இவர் வாயில் ஊற்றப் போனார். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று அந்த கிளினிக் பெண் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. டம்ளரைத் தட்டிவிட்டேன். "லோ சுகர்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கய்யா!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். மூன்று பேரும், "சுகரா? இவருக்கா?" என்றார்கள். சார் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கை மட்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

கூட்டத்தில் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. தெரு முனை வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓடினார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்றினால் எழுந்துவிடுவார், காபி போடலியா என்று கேட்பார் என்று கட்டில் பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்கு எழவில்லை. மறுநாளும் எழவில்லை. "ரொம்ப நேரம் மூளைக்குச் சர்க்கரை போகலம்மா. கொஞ்சம் முன்னாடி யாராவது பாத்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் மேடம் தனியாக வந்தார். வராண்டா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் புடவைத் தலைப்பையே முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் இதைச் சொல்லலன்னா எனக்குச் சோறு இறங்காதும்மா. முதல் ரவுண்டுல உன் வீட்டுக்காரர் உக்காந்தப்பவே இவருக்குச் சந்தேகம் வந்துச்சாம். வேர்வையைப் பாத்தாராம். இவருக்குத் தெரியாதா அந்த வேர்வை? பாக்கெட்டுல மிட்டாயும் இருந்துச்சாம்."

"அப்புறம்?"

"எல்லார் முன்னாடியும் கேட்டா அவனுக்குச் சங்கடமா இருக்கும், அவன்கிட்டயே இருக்கும், நாம அந்தப் பக்கம் போனதும் எடுத்துப் போட்டுக்குவான்னு நினைச்சாராம். அதனாலதான் மத்தவங்களையும் கூட்டிக்கிட்டு நடந்துட்டாராம். அடுத்த ரவுண்டுல பாத்தப்ப, போட்டுக்கிட்டு அசந்து தூங்கறான்னு..."

"சங்கடமா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "சங்கடமா மேடம்? அவர் செத்தா எனக்குச் சங்கடம் இல்லையா? உங்க வீட்டுக்காரர் பாக்கெட்டுல இருந்ததை எடுத்து, டேய் தின்னுடான்னு ஒரு அதட்டு அதட்டியிருந்தா அவர் தின்னிருப்பாரே! முப்பது வருஷமா சார் அதட்டினதுக்கெல்லாம் அவர் கேக்கலையா?" வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மேடம் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

அவர் பிழைத்தார். எல்லோரும், கடவுள் காப்பாத்திட்டார் என்றார்கள். கடவுள் எவ்வளவு காப்பாற்றினார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மகளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். என்னை சிஸ்டர் என்கிறார், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைப்பு. சில நாள், "உங்க வீடு எங்க இருக்கு சிஸ்டர்?" என்று மரியாதையாக விசாரிப்பார். கையைப் பிடித்து ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடக்க வைக்கிறேன், இப்போதும் நடை வேண்டும் என்கிறார் டாக்டர். ஊசியும் உண்டு. ஊசி போட்டால் சாப்பிட வேண்டும். அதுதான் பெரும்பாடு. வாயை இறுக மூடிக்கொள்வார். தட்டைத் தள்ளிவிடுவார். மெஷினை ஒரு கையிலும் தட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கெஞ்சுவேன், திட்டுவேன், அழுவேன். தெரியாத பொம்பளை எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்கிற மாதிரிப் பார்ப்பார்.

ஒரு நாள் காலை, அப்படி ஒரு இட்லித் தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சார் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தார். ஆள் இளைத்திருந்தார். வாசலிலேயே நின்றார். நான் வாங்க என்று சொல்லவில்லை.

இவர் எழுந்துவிட்டார். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். சட்டையை உள்ளே விடப் பார்த்தார், கைலிக்குள் எங்கே விடுவது? விட்டுவிட்டு நேராக நின்று, "குட்மார்னிங் சார்" என்றார். தெளிவாகச் சொன்னார். பெற்ற மகளைத் தெரியவில்லை, என்னைத் தெரியவில்லை. சாரைத் தெரிந்தது.

சாருக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. "உக்காருப்பா" என்றார். இவர் உட்கார்ந்தார். சார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. "சாப்பிடுப்பா" என்றார். இவர் இட்லியைப் பிய்த்து, சட்னியில் தொட்டு, ஒன்று விடாமல் சாப்பிட்டு முடித்தார். சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து சாரைப் பார்த்தார். சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படியில் இறங்கிப் போனார். அப்புறம் அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இப்போது வேளைக்கு ஒரு தடவை, ஊசி போட்ட பிறகு, தட்டை எடுத்துக்கொண்டு இவருக்கு எதிரே உட்காருகிறேன். "சார் சாப்பிடச் சொன்னாரு" என்கிறேன். உடனே வாயைத் திறக்கிறார்.